ஐப்பசியில் போட்ட மரத்தரை

மக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அந்தச் செய்தியைச் சொன்னதிலிருந்து எனக்குத் தையல் ஓடவில்லை. புது வீட்டுக் கூடத்தில் கிடக்கும் கம்பளத்தைக் கிழித்து எறிந்துவிட்டு, நீயும் பெனிட்டாவுமாக மரத்தரை போடப் போகிறீர்கள், ஆள் வைக்கப் போவதில்லை என்றாய். கம்பளத் தூசியில் அவளுக்குத் தும்மல் நிற்கவில்லை என்பது சரி. அயர்லாந்தில் எல்லாரும் தங்கள் வீட்டு வேலையைத் தாங்களே செய்துகொள்கிறார்கள் என்பதும் சரியாகத்தான் இருக்கும். நீ சொல்லி முடிக்கும் முன்பே உங்கப்பா என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, "அது ஒண்ணுமில்ல மக்கா, பலகைய அடுக்கி அடிக்க வேண்டியதாக்கும். நான் போடலியா? ஒருத்தன் ஒரு கொறை சொல்லுவானா?" என்றாரே, அப்போது வந்த சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். நீ அதை இருமல் என்று நினைத்து, மருந்து சாப்பிடும்மா என்றாய். நம் வீட்டு மாடியில் கிடக்கும் அந்தத் தரையைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியைச் சொல்லாமல் விட்டால் நீயும் அதையேதான் செய்வாய். உன் உடம்பில் ஓடுவது யாருடைய ரத்தம் என்று எனக்குத் தெரியாதா? அதனால் கடையை அரை நாள் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் கூட்டாளிகளும் வாசிக்கட்டும். வீட்டுக்கு மரத்தரை போட ஆசைப்படும் பிள்ளைகள் உன்னைப் போல எத்தனையோ பேர் இருப்பார்கள்.

உன் கல்யாணத்துக்கு முந்தின ஐப்பசியை நினைத்துப் பார். இரண்டு வீட்டிலும் வாய் சம்மதித்திருந்தது, மனம் இன்னும் வந்து சேரவில்லை. நாம் கொட்டாரம் ஊரில் சிவனைக் கும்பிடுகிறவர்கள். அவர்கள் கடற்கரையில் வள்ளம் ஏறி மீன் பிடிக்கிறவர்கள், மாதாவைக் கும்பிடுகிறவர்கள். பேச உட்கார்ந்த அன்று, "தாலி கோயில்ல வச்சுத்தான் கெட்டணும்" என்றார் உங்கப்பா. "பின்ன, கோயில்ல வச்சுத்தான்" என்றார் பெனிட்டாவின் அப்பா. அடேயப்பா, என்ன ஒற்றுமை என்று எனக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. எந்தக் கோயில் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அத்தோடு இரண்டு ஆண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதன்பின் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை எல்லாம் நானும் பெனிட்டாவின் அம்மாவும்தான் போனில் ஏற்றி இறக்கினோம். தை மாதம் கல்யாணம் என்று நாள் குறித்தாகிவிட்டது, எங்கே என்று யாருக்கும் தெரியாது. நீ அந்த நாட்களில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவாய். நான் பார்க்காத மாதிரி தட்டை எடுத்துக்கொண்டு போவேன்.

உங்கப்பாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் பேசித் தீர்க்கிற ஆள் இல்லை. வாழ்நாள் முழுக்க அரசு பஸ் ஓட்டியவருக்கு மனசில் ஏதாவது முட்டினால் கை எதையாவது திருக வேண்டும். மார்த்தாண்டத்தில் பழைய கூட்டாளி ஒருவர் புது வீடு கட்டி, படுக்கையறைக்கு மரத்தரை போட்டிருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றும் முன்பே, "ஏட்டி, மாடி ரூம்பு தரைய மாத்தப் போறேன். மருமக வந்து காலு வச்சா வழவழன்னு இருக்கணும்" என்றார். மழைக் காலம் ஆயிற்றே, தை பிறக்கட்டும் என்றேன். "பொறவு கல்யாண வேலை வந்துரும்லா" என்றார். அடுத்த நாளே மேலே டைல்ஸ் உடைபட ஆரம்பித்துவிட்டது. உனக்கு 'பெயின்ட் வாடை, மாடிக்கு வராதே' என்று உத்தரவு போட்டது எதற்கு என்று இப்போது தெரிகிறதா? மருமகளுக்கு மட்டும் இல்லை, உனக்கும் சேர்த்துத்தான் அந்த ரகசியம்.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீ எதைச் செய்யக் கூடாது என்பது தானாக விளங்கும். டைல்ஸை உடைத்த இடம் மேடும் பள்ளமுமாக இருந்ததால் சிமென்ட் பூசி மட்டம் செய்தார். மேலே வெளுத்ததும் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார். மேல்தோல் வெளுத்தாலும் சிமென்டுக்கு உள்ளே ஈரம் வாரக்கணக்கில் நிற்கும் மக்கா. அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது, இப்போது எனக்குத் தெரியும். ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்க்கும்போது அடியில் வியர்த்திருந்தால் தரை காயவில்லை. உன் வீட்டுக் கம்பளத்துக்கு அடியில் சிமென்ட் இருக்கிறதா பழைய பலகை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் முதலில் ஈரம் பார். அதைப் பார்க்காமல் கடையில் பலகை வாங்கப் போகாதே.

அப்புறம் பலகை. மார்த்தாண்டத்து மரக்கடையில் நல்ல அயினி மரப் பலகை, ஓரத்தில் நாக்கும் பள்ளமும் சீவி, ஒன்றுக்குள் ஒன்று கோக்கிற மாதிரி செய்து தந்தார்கள். மரத்தில் ஒரு குற்றமும் இல்லை. உலர்ந்த, வாசனையான மரம். வண்டியிலிருந்து இறங்கிய அன்றே இவர் சிமென்ட் மேல் மரச்சட்டங்களைப் பதித்து, பலகை அடிக்க ஆணியைக் கையில் எடுத்துவிட்டார். வெளியே கொட்டுகிற மழை, அறையெல்லாம் ஈரக் காற்று, அடியில் ஈரச் சிமென்ட். கட்டைப் பிரித்துப் பலகைகளை அதே அறையில் சில நாள் போட்டு வைத்து, அந்தக் காற்றுக்கு அது பழகட்டும் என்று விட்டிருக்க வேண்டும். புதுத் துணியைத் தண்ணீரில் முக்கிச் சுருங்க விட்ட பிறகுதான் வெட்ட வேண்டும் என்று என் கடைக்குத் தையல் படிக்க வருகிற பெண்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறவள் நான். அந்த அறிவு மாடிப்படி ஏறும்போது என்னோடு வரவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன், டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், "நல்லா சேந்திருக்கு" என்று பாராட்டவும் செய்தேன்.

சேர்ந்திருந்தது என்றால் அப்படி ஒரு சேர்க்கை. ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை, ஒரு ரூபாய்க் காசு நுழைய இடமில்லாமல் இறுக்கி அடித்திருந்தார். போனில் பார்த்த வீடியோவில் சுவரோரம் கொஞ்சம் இடைவெளி விட்டார்களாம். "அவனுவளுக்கு அளவு தெரியாது, அதான் எடம் கெடக்கு" என்றார் இவர். கடைசி வரிசை உள்ளே போக மறுத்தபோது கடப்பாரையை நெம்புகோலாக வைத்து உள்ளே தள்ளினார். கதவு திறக்காமல் போனது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தரை உயர்ந்தால் கதவின் அடியைச் சீவ வேண்டும் என்று நினைக்காமல், அறைக்குள் இருந்தபடியே கதவைச் சாத்தி வைத்து அதன் ஓரம் வரை பலகை அடித்திருக்கிறார். உள்ளே மாட்டிக்கொண்டு, "ஏட்டி! ஏட்டி!" என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். எதிர்வீட்டுக்காரர் ஏணி கொண்டு வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்குகிற கம்பீரத்தோடு ஏணியில் இறங்கி, ஒன்றும் நடக்காதது போல அவரிடம் மழையைப் பற்றிப் பேசினார்.

இத்தனையும் அவர் கணக்கு. என் கணக்கில் ஒன்று உண்டு. கதவை ஒருவழியாகக் கழற்றிச் சீவிப் பூட்டியதும் நான் உள்ளே போனேன். தரையெல்லாம் மரத்தூள். நம் வீட்டில் தூசி என்றால் என்ன செய்வோம்? வாளி நிறையத் தண்ணீர், கொஞ்சம் பினாயில், தென்னைமாறுத் துடைப்பம். பளிச்சென்று கழுவிவிட்டேன். மெருகு கூட அடிக்காத மரம். "நல்ல காரியம் செஞ்சே" என்று உங்கப்பாவும் சேர்ந்து துடைத்தார். மரத்தரைக்குத் தண்ணீர் ஆகாது என்பது எங்கள் இருவர் மண்டையிலும் அன்று இல்லை. பெனிட்டாவிடம் சொல், ஈரம் பிழிந்த துணி போதும், அதுவும் உடனே உலர்ந்துவிட வேண்டும்.

பெனிட்டாவின் அப்பா அம்மா வீடு பார்க்க வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள், காலையில் மாடியிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். தேங்காய் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். மேலே போனால், அறை நடுவில் தரை எழும்பி நிற்கிறது! எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி. உங்கப்பா அதன் மேல் ஏறி நின்றார். அங்கே அமுங்கியது, ஜன்னலோரம் எழும்பியது. அங்கே ஓடினார், இங்கே எழும்பியது. "நீயும் வந்து நில்லு" என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். "உன் வாளித் தண்ணிதான்" என்றார். "உங்க கடப்பாரைதான்" என்றேன். சண்டை போட நேரமில்லை. எழும்பிய இடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, அதன் மேல் உன் பழைய மேசையைப் போட்டோம். வருகிறவர்களைக் கீழேயே உட்கார வைத்து அனுப்பிவிடலாம் என்பது திட்டம். நீ அன்று கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்க்க நாகர்கோவிலுக்குப் போயிருந்தாய். மறுநாளும் உன்னை வேறொரு வேலை சொல்லி அனுப்பிவைத்தது நான்தான்.

வந்தார்கள். முந்திரிக்கொத்து வைத்தேன், ஏத்தங்காய் வற்றல் வைத்தேன், டீயை இரண்டு தடவை கொடுத்தேன். ஆண்கள் இரண்டு பேரும் டிவியில் ஓடிய விளம்பரத்தைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனிட்டாவின் அம்மா பாவம், மௌனம் தாங்காமல், "பிள்ளையளுக்கு மாடியில ரூம்பு ஒழுங்காக்கியிருக்கியளாமே, பாக்கலாமா?" என்றார். "மாடிப்படி வழுக்கும்" என்றேன். "நான் கடப்புறத்துக்காரியாக்கும், ஈர மணல்லயே ஓடுவேன்" என்று அவர் எழுந்துவிட்டார். பின்னாலேயே அவர் கணவரும்.

அறைக்குள் வந்த பெனிட்டாவின் அப்பா சுற்றிப் பார்த்தார், மேசைப் பக்கம் போனார், ஜமுக்காளத்தில் கால் வைத்தார். ஆள் எப்படிப்பட்ட உடம்பு என்று உனக்குத் தெரியும். பலகை ஒன்று படாரென்று விட்டது. மேசை சாய்ந்து அவர் மேலேயே வந்தது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் இந்த அறையிலேயே முடிந்தது என்று நினைத்தேன். உங்கப்பா முகம் சுவர் மாதிரி வெளுத்திருந்தது. பெனிட்டாவின் அப்பா ஜமுக்காளத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தார். உங்கப்பாவை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வாரம் கழித்து அவர் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை, "சம்மந்தி, இத நீங்களா போட்டிய?" என்பதுதான்.

"ஆமா" என்றார் உங்கப்பா. தரையைப் பார்த்துக்கொண்டே, "பிள்ளையளுக்காச்சேன்னு" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை மக்கா.

அவ்வளவுதான், அந்த மனுஷன் மேல்சட்டையைக் கழற்றி ஜன்னல் கதவில் மாட்டினார். "சுத்தியல எடுங்க. வள்ளத்துல பலகை எளும்பினா நாங்க போல்ட்டு போட்டு இறுக்குவோம். இது என்ன, ஒரு தரைதானே" என்றார். உங்கப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டு பேரும் முழங்கால் போட்டு உட்கார்ந்து பெரிய பெரிய ஆணியாக அறைந்தார்கள். இங்கே அமுங்க அங்கே எழும்பியது. "அங்க பிடிங்க சம்மந்தி!" "நீங்க இங்க நில்லுங்க!" ஒரு பலகை நீளவாக்கில் பிளந்தே போயிற்று. அந்தப் பிளவு விழுந்த பலகையை அப்புறம் மாற்ற வேண்டி வந்தது. எழும்புகிற தரையை ஆணி அடித்து அமுக்க ஒருநாளும் முயலாதே. அது எங்கோ முட்டிக்கொண்டுதான் எழும்புகிறது, அந்த இடத்தைத் தேடு.

தேடியது நானும் இல்லை. பெனிட்டாவின் அம்மா முட்டுவலிக்காகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கையை ஊன்றிய இடத்தில் சுவர்ப் பூச்சு பொடிப் பொடியாக உதிர்ந்து கிடந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க. பலகை செவரக் குத்திட்டு நிக்கு. இது பாவம் எங்கதான் போவும்?" என்றார். குனிந்து பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. தையலுக்குத் துணி விடாமல் இறுக்கிப் பிடித்த ரவிக்கை. போட்டவள் கொஞ்சம் சதை போட்டால் எங்கே பிதுங்கும்? "அடிக்கத நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்கள். "ரெண்டு பக்கமும் பிரிச்சு விடணும். இடுப்புல பிரிச்சாத்தான் முதுகு படியும்" என்றேன். ஆண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பெனிட்டாவின் அம்மாவுக்குப் புரிந்தது, விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது. காரணம் தெரியாமலே அந்த இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

பிறகு சுவரோர வரிசைகளைப் பெயர்த்து, சுண்டுவிரல் கனத்துக்கு ஓரத்தை அறுத்து எடுத்தோம். ஒரு முனையில் உங்கப்பா பிடிக்க, மறுமுனையில் சம்மந்தி அறுப்பார். கை வலித்ததும் மாறிக்கொள்வார்கள். இடம் கிடைத்த உடனே தரை ஒரு முனகல் விட்டுக் கொஞ்சம் இறங்கியது, கண்ணால் பார்த்தேன். அப்படி அறுத்துக்கொண்டிருக்கும்போதுதான், தலையைத் தூக்காமலே சம்மந்தி, "காலையில எங்க கோயில்ல வச்சுக்கிடலாம்" என்றார். உங்கப்பா மரத்தூளை ஊதிவிட்டு, "மத்தியானம் இங்க கோயில்ல மாலை மாத்திட்டு மண்டபத்துல சாப்பாடு" என்றார். "ரசத்துக்கு முன்னால மீன் உண்டுமா?" என்றார் அவர். "உங்க மீனா இருந்தா உண்டும்" என்றார் இவர். அன்று சாயங்காலம் நீ வந்ததும் கல்யாணத்துக்கு இடம் முடிவாகிவிட்டது என்று சொன்னபோது, எப்படி என்று கேட்டாய். "பேசித் தீத்தோம்" என்றார் உங்கப்பா. பேசியது கொஞ்சம், அறுத்ததுதான் அதிகம்.

தரை ஒரே நாளில் சரியாகவில்லை. உங்கப்பா உடனே வாடகைக்கு மிஷின் எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மட்டமாக்கிவிடத் துடித்தார். ஈரத்தில் வளைந்திருக்கும் பலகையைத் தேய்த்து மட்டமாக்கினால், காய்ந்த பிறகு அது மறுபுறம் வளையும் என்று மரக்கடைக்காரர் போனில் சொன்னார். ஆகவே ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியை ஓடவிட்டு, காத்திருந்தோம். சம்மந்தி ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் ஒரு பை மீனோடு வந்து, வாசலில் நின்றே, "தரைக்கு இப்ப எப்பிடி இருக்கு?" என்று ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளை விசாரிப்பது போல விசாரிப்பார். மார்கழிக் காற்று வீச ஆரம்பித்ததும் பலகைகள் ஒவ்வொன்றாகப் படிந்தன. படியாத சிலதை மாற்றினார்கள். அடுத்தடுத்த வரிசையில் இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல், செங்கல் கட்டுகிற மாதிரி மாற்றி மாற்றி வைத்தார்கள். அதற்கப்புறம் தேய்த்து, மெருகு அடித்து, சுவரோர இடைவெளியை மறைக்க ஒரு பட்டி அடித்தார்கள். அந்தப் பட்டியைச் சுவரில் அடிக்க வேண்டும், தரையோடு சேர்த்து அடிக்கக் கூடாது. தரை கோடைக்கும் மழைக்கும் அதன் அடியில் போய் வந்துகொண்டிருக்கும்.

உங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் சூடு போடுவீர்கள், காற்று உலர்ந்துவிடும் என்று பெனிட்டா சொல்லியிருக்கிறாள். அப்போது பலகைகளுக்கு நடுவே மயிரிழை மாதிரி விரியும். பயந்துபோய் எதையாவது வைத்து அடைக்காதே, வெயில் காலத்தில் அதுவே மூடிக்கொள்ளும். உனக்கும் அவளுக்கும் இதை வைத்து ஒரு சண்டை கட்டாயம் வரும். யார் அளந்தது தப்பு என்று கேட்காதீர்கள். முதலில் டீ குடியுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மாடி அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு பலகை, மிதித்தால் கீச்சென்று முனகும். இடுக்கில் கொஞ்சம் பவுடரைத் தூவினாலோ, அடியிலுள்ள சட்டத்தோடு ஒரு திருகாணி போட்டு இறுக்கினாலோ சரியாகிவிடும். உன் வீட்டில் அப்படி வந்தால் அதைச் செய். இங்கே நான் செய்ய விடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் விமானம் ஏறிய பிறகு, மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் உங்கப்பா, "தரைய ஒண்ணு பாத்துட்டு வாறேன்" என்று மேலே போவார். எனக்குத் தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவிலும் அந்தக் கீச்சு கேட்கும். ஜன்னலோரம் போய் நிற்கிறார் என்று தெரிந்துகொள்வேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. மறுபடி ஒரு கீச்சு. அது கேட்டதும் நான் எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்துவிடுவேன். அவர் இறங்கி வந்து, "நல்லாத்தான் கெடக்கு" என்பார். நான் எதையும் கேட்காமல் டீயை நீட்டுவேன்.

அம்மா